வலிக்காத கட்டு

"உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நல்ல கண்டுபிடிப்பெல்லாம் ஆய்வுக்கூடத்தைத் தாண்டாம கிடக்குது!"

பேராசிரியர் உட்காரக்கூட இல்லை. பிளாஸ்டிக் தாள் ஆலையின் சின்ன அலுவலக அறை. பக்கத்தில் ஓடும் இயந்திரத்தின் அதிர்வில் மேஜைக் கண்ணாடி நடுங்கியது.

முதலாளி தலையைத் தூக்கினார். "முதல்ல உட்காருங்க. திட்டுறதுக்கும் தெம்பு வேணும்ல?"

"புண்ணுல ஒட்டாத படலம். நாலு சொட்டுத் தண்ணி விட்டா வலியில்லாம கழண்டுடும். என் பாதி ஆயுசு அதுல போச்சு. தயாரிக்கிற உரிமையை வாங்கிக்கோங்கன்னு உங்ககிட்ட வந்தா, சந்தையில மீனுக்குப் பேசுற மாதிரி பேசினீங்க. மாசக் கணக்குல இழுத்தடிச்சீங்க."

"வியாபாரி பேரம் பேசாம, பாட்டா பாடுவான்?"

"வெறுத்துப்போய்தான் செய்முறையை முழுசா ஆராய்ச்சி இதழ்ல போட்டேன். யார் வேணும்னாலும் செய்யட்டும், எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு. இப்ப சும்மாவே கிடைக்குது. அப்பவும் செய்ய மாட்டேங்கிறீங்க. என்ன மனுஷன்யா நீங்க?"

"சும்மா கிடைக்கிறதுதான் சார் வினையே!" முதலாளியின் குரல் ஏறியது. "உடம்புல வைக்கிற பொருள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா, வருஷக் கணக்கா சோதனை பண்ணணும். இல்லேன்னா எந்த டாக்டரும் தொட மாட்டார். இந்த ஆலையை வித்தாலும் அந்தச் செலவுக்குக் காணாது. நான் சோதிச்சு முடிச்சதும், எதிர்த்தெருக்காரன் அதையே செஞ்சு பாதி விலைக்கு விப்பான். கூட்டு சேர வந்தவங்க எல்லாம் உங்க கட்டுரையைப் பார்த்ததும் வந்த வழியே போயிட்டாங்க."

"எதுக்கெடுத்தாலும் லாபக் கணக்கு! தூ!"

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். முதலாளியின் மகள். இரண்டு கைகளிலும் விரல் நுனிவரை வெள்ளைக் கட்டு. கழுத்திலும் கட்டு.

"அப்பா, கட்டு மாத்துற நர்ஸ் அக்கா வந்துட்டாங்களாம். நான் வீட்டுக்குக் கிளம்புறேன். நீ கூட வராதே. போன தடவை என்னைவிட நீதான் அதிகமா கத்தினே."

சொல்லிவிட்டுச் சிரித்தவள், பேராசிரியரைப் பார்த்ததும் நின்றாள்.

"அந்தப் படலத்து சாரா நீங்க? அப்பா எந்நேரமும் உங்க பேச்சுதான். எனக்காகவே ராப்பகலா வேலை பாக்குறீங்களாமே? அவசரமில்லை சார், மெதுவா செய்ங்க. நான் பொறுத்துக்குவேன்."

அவள் போன பிறகுதான் பேராசிரியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பொறந்ததுல இருந்தே இப்படித்தான்," என்றார் முதலாளி. "துணி உரசினாலே தோல் கொப்பளிச்சுடும். கட்டைப் பிரிச்சா தோலும் சேர்ந்து வரும்."

"அடப்பாவி! இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்களுக்கு மட்டும்னு எழுதியே கொடுத்திருப்பேனே!"

"நமக்கு அவசரம்னு தெரிஞ்சா எதிராளி விலையை ஏத்துவான். தெருத்தெருவாப் பொட்டி சுமந்து வித்த காலத்துல கத்துக்கிட்டது." முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்களையும் அந்த ரகம்னு நினைச்சுட்டேன்."

பேராசிரியரின் உதடு துடித்தது.

"நீங்க அழாதீங்க சார். அதுக்கு நான் இருக்கேன். உங்க படிப்புக்குப் பெரிய இடத்துலயெல்லாம் கதவு திறக்கும். போய் யார் காலையாவது பிடிச்சு அந்தச் சோதனைக்கு வழி பண்ணுங்க. படலத்தை நான் சும்மாவே இந்த ஆலையில போட்டுத் தர்றேன், இனி பேரமே கிடையாது. அவகிட்ட நான் சொல்லி வச்சிருக்கிற பொய்யை, நீங்கதான் நிஜமாக்கிக் கொடுக்கணும்!"