கதையில் வராத கார்

"தோட்டம் போட்டீங்க, நாவல்ல தோட்டக்காரி வந்தா. தையல் கத்துக்கிட்டீங்க, தையல்காரி வந்தா. நீங்க செய்யற எதுவும் கதைக்குத் தப்பாதா மேடம்?" என்று கேட்டாள் பேட்டி எடுக்க வந்த பெண்.

"ஒண்ணும் தப்பாது. எல்லாத்தையும் முதல்ல படிக்கிறதே நான்தான்," என்றார் நாவலாசிரியையின் கணவர்.

"அப்ப கார் மட்டும் ஏன் இன்னும் வரல? என் தங்கச்சி போற டிரைவிங் ஸ்கூல்லதானே நீங்களும் கத்துக்கறீங்க?"

நாவலாசிரியை கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அதை மட்டும் அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை.

"செவ்வாய்க்கிழமை முதுகுவலி டாக்டர்கிட்டன்னுதானே போனே?" சிரித்த முகம் மாறாமல் கணவர் எழுந்து, ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். "கார் ஓட்டி எங்கேம்மா போகப் போறே?"

வந்தவள் ரெக்கார்டரை அணைத்துப் பையில் போட்டாள்.

நாவலாசிரியை அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"போயிடாதீங்க. இன்னும் ஏதாவது கேளுங்க."