குளியலறைத் தாழ்ப்பாள்

"என் கதவுல எவனும் கை வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்!"

அப்பா பட்டறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒற்றை ஜன்னல் வைத்த அறை. காலமெல்லாம் ஆபீஸில் கணக்கு எழுதிப் பிழைத்தவர்தான். ஆனால் வீட்டிலிருக்கும் கதவு, கட்டில், அலமாரி எல்லாமே இந்த அறையில் அவர் கையால் பிறந்தவை.

"வேற யாரும் வைக்க வேணாம்பா, நீங்களே வைங்க," என்றாள் மகள். "குளியலறைத் தாழ்ப்பாளை நான் கழட்டிட்டேன். அது இருந்த ஓட்டையை மட்டும் அடைச்சுக் குடுங்க. இல்லன்னா யாராவது மறுபடியும் மாட்டிடுவாங்க."

"தாழ்ப்பாள் இல்லாம ஒரு குளியலறையா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்!"

"சிரிச்சா சிரிக்கட்டும். நேத்து உள்ள போய்ப் பூட்டிக்கிட்டு, திறக்கத் தெரியாம பட்ட பாடு இருக்கே... இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா?"

அப்பாவின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"யாரு, சின்னவனா?"

சின்னவன் அவளுடைய மகன், தாத்தாவின் செல்லம். அவள் மரச் சுத்தியலான கொட்டாப்புளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அட, இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? புள்ளைய விடக் கதவா பெருசு?"

அவ்வளவுதான், அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஓட்டையை அடைக்க மர ஆணி வேண்டும். உருண்டையான குச்சி கடையிலேயே கிடைக்கும். அப்பாவுக்குக் கடைச் சரக்கு என்றாலே ஆகாது. குளியலறைக்குப் போய்க் கதவின் ஓட்டையில் சுண்டுவிரலை ஒரு முறை விட்டுப் பார்த்தார், அளவு எடுத்தாயிற்று. பட்டறைக்குத் திரும்பி, ஒரு மரத்துண்டிலிருந்து சதுரச் சிம்பைப் பிளந்து, முனையைச் சீவி, துளைகள் போட்ட இரும்புத் தகட்டில் வைத்து ஓங்கி அடித்தார். பெரிய துளை, அதைவிடச் சின்னது, அதைவிடச் சின்னது. மேலே சதுரமாகப் போனது கீழே உருண்டையாக விழுந்தது.

சிறு வயதில் இதைப் பார்த்து அவள் கைதட்டுவாள். அப்பாவிடம் மந்திரம் இருக்கிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டவள் அவள். மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியதும் அந்த நாளெல்லாம் திரும்பி வந்துவிட்டது. அந்த அப்பா இந்த அறையில் இன்னும் இருக்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"உனக்கு அப்போ மூணு வயசு," என்றார் அப்பா, ஆணியைத் தேய்த்தபடி. "நீயும் இதே மாதிரிதான் உள்ள போய்ப் பூட்டிக்கிட்ட. உங்கம்மா வெளிய அழுத அழுகையில, நீ உள்ள அழுததே யாருக்கும் கேக்கல."

"அப்புறம்?" எத்தனையோ முறை கேட்ட கதைதான். இருந்தாலும் கேட்டாள்.

"அப்புறம் என்ன, நான் செஞ்ச கதவை நானே உடைச்சேன். புதுக் கதவு போட்டுத் தாழ்ப்பாளை மேல ஏத்தி வச்சேன். ஏம்மா, இப்பவும் இன்னும் கொஞ்சம் மேல ஏத்திட்டா என்ன?"

"எவ்வளவு மேல வச்சாலும் எட்டிடும்பா."

"அதுக்குள்ள அவ்வளவு வளந்துட்டானா? வாலுப் பய!"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கதவருகே போய், ஆணியில் பசை தடவி ஓட்டையில் இறக்கினார். துருத்திக்கொண்டு நின்றதை ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அங்கே தாழ்ப்பாள் ஒன்று இருந்தது என்று சத்தியம் செய்தாலும் இனி யாரும் நம்ப மாட்டார்கள்.

சமையலறையிலிருந்து வந்து பார்த்த அம்மா, "இன்னிக்குத்தான் எனக்குத் தூக்கம் வரும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அப்பா கதவைத் தடவிக்கொண்டே கேட்டார். "ரொம்ப அழுதானா?"

"ரொம்பப்பா."

"பாவம், குழந்தை. என்ன பயம் பயந்திருக்கும்! பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொல்லு, தாத்தா எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்னு."

"சொல்றேம்பா."

சின்னவன் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரியும் முடித்து, வெளியூரில் வேலைக்குச் சேர்ந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. நேற்று அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் கையால் மாட்டிய தாழ்ப்பாளை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் தேம்பித் தேம்பி அழுதது, அப்பாதான்.