இறங்காத சக்கரம்

வீட்டோடு ஒட்டிய விமானக் கொட்டகையின் அகலக் கதவு திறந்து கிடக்கிறது. தங்கை கிளெண்டாவைப் பார்க்க நேற்றுத்தான் ஃப்ளோரிடா வந்த ரோண்டா, ஆறிப்போன காபியோடு அந்த வாசலில் நிற்கிறாள். தலைக்கு மேலே கிளெண்டாவின் சின்ன விமானம் வட்டமடிக்கிறது. அதன் இடது சக்கரம் மட்டும் வெளியே வரவில்லை. வீட்டுக்கொரு விமானம் வைத்திருக்கும் அந்தத் தெரு நெடுக, அவரவர் கொட்டகை வாசலில் அண்டை வீட்டார் அண்ணாந்து நிற்கிறார்கள். கிளெண்டாவின் கணவன் கர்ட்டிஸ், கடைக்குப் போனவளிடம் பேசுவதுபோல ரேடியோவில் பேசுகிறான். “அவசரமே இல்ல கண்ணு. மத்த சக்கரத்தையும் மடக்கிட்டு, ஓடுபாதை ஓரத்துப் புல்லு மேல வயித்தால இறக்கு.” ரேடியோவில் கிளெண்டாவின் குரல் கரகரக்கிறது. “புல்லு நாசமானா மெர்ல் என்னக் கொன்னுடுவான்.” அந்தப் புல்லை வெட்டிப் பராமரிக்கும் பக்கத்து வீட்டு மெர்ல், தீயணைப்பு உருளையைக் கட்டிப்பிடித்து நின்றபடி, “தாராளமா நாசமாக்கு தாயி, எனக்கு வெட்டுற வேலை மிச்சம்,” என்கிறான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. பைன் மரங்களுக்கு மேலாக விமானம் தாழ்கிறது. கிளெண்டா எஞ்சினை அணைக்க, சத்தம் நிற்கிறது. ரோண்டாவுக்குத் தன் மூச்சே பெரிதாகக் கேட்கிறது. விமானத்தின் வயிறு தரையைத் தொட்டதும் தகரம் கிழிபடும் ஓசை; புல்லும் மண்ணும் பறக்க, விமானம் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. புகை இல்லை. கதவு திறக்கிறது, கிளெண்டா இறக்கைமேல் ஏறி நின்று கையசைக்கிறாள். எல்லோரும் ஓடுகிறார்கள். கர்ட்டிஸ் ஓடவில்லை. சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். ரோண்டா அருகில் குந்தி, ரேடியோவை இறுக்கியிருக்கும் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள்.