சபை சிரித்தது எதற்கு?

துவாரகன் ஒஸ்லோ மேடைகளில் தமிழில்தான் பகிடி சொல்வான். மொழிபெயர்ப்புக் கருவி அதைச் சனம் சிரிக்கும்படி திருத்தி, சபையினரின் காதுக்கருவிகளில் அவன் குரலிலேயே நோர்வேஜிய மொழியில் சொல்லும். இரண்டே வருடத்தில் நாடறிந்த ஆளாகிவிட்டான். உலகப் பயணத்துக்கும் அழைப்பு வந்தது.

அங்கேயே வளர்ந்த அவன் மனைவி பிரணவி, ஒருநாள் சபையினரின் காதுக்கருவியை மாட்டிக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, மாமி கருவாடு கட்டித் தந்ததை நீங்கள் பாசமாய்த்தான் சொன்னீங்கள். கருவி அதை 'எங்கட ஆக்கள் நாறுவினம்' எண்டு சொல்லுது. அதுக்குத்தான் சனம் சிரிக்குது."

துவாரகனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கருவியை நிறுத்தினால் பயணம் இல்லை என்றார் அவனுடைய நிகழ்ச்சி நிர்வாகி. கிடைத்த புகழை இழக்கவும் மனமில்லை. ஒரு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நிகழ்ச்சியில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, கருவாட்டுக் கதையைத் தன் உடைந்த நோர்வேஜிய மொழியிலேயே சொன்னான். பாதிச் சபை சிரிக்கவில்லை. மீதிப் பேர், கருவாடு கட்டித் தந்தே தீருவேன் என்று நின்ற அவனுடைய அம்மாவின் பிடிவாதத்தை நினைத்துச் சிரித்தார்கள். வெளியே வந்தபோது ஒரு நோர்வேஜியக் கிழவி, "என் அம்மாவும் இப்படித்தான், பெட்டி நிறைய மீன் வைத்து அனுப்புவாள்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பயணம் கைவிட்டுப் போனது. வீடு வரும்வரை அவன் பிரணவியின் கையை விடவில்லை.

"நீர் சொல்லாட்டி, நானும் அவையோட சேர்ந்து சிரிச்சுக்கொண்டு நிண்டிருப்பன்" என்றான்.