ஒரிஜினல் ஹார்ன்

"கம்பெனி ஹார்ன் விலை மூணு மடங்கு சார். டூப்ளிகேட்டே போதும், சத்தம் ஊரையே எழுப்பும்" என்றார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்.

"ஊரை எழுப்ப வேணாம். ஒரிஜினலே குடுங்க" என்றார் கவுன்ட்டரில் நின்ற பெரியவர்.

"பிரேக்குன்னா நானே ஒரிஜினல்தான் போடச் சொல்வேன். போயும் போயும் ஹார்னுக்கா?"

"ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க."

கடைக்காரர் மேஜையிலிருந்த பேட்டரியில் ஒயரை வைத்து அடித்தார். பெரியவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

"இதேதான். கட்டிக் குடுங்க."

"வண்டியைக் கொண்டாங்க சார், நானே மாட்டித் தர்றேன்."

"வண்டி ஏது? என் பையனைக் கொண்டுபோன ஆக்சிடென்ட்டோட அதுவும் போச்சு. ஹார்ன் மட்டும்தான் மிச்சம். முந்தாநாள் அதுவும் ஊமையாயிடுச்சு."

கடைக்காரர் ஒயரைக் கழற்றி, ஹார்னை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"பையன் போனதிலேர்ந்து என் சம்சாரத்துக்கு ஞாபகம் சரியில்லை. சாயங்காலமானா வாசலையே பாத்துட்டிருப்பா. நான் வீட்டுக்குப் பின்னால போய் ஹார்னை ஒரு பேட்டரியில வச்சு அடிப்பேன். 'புள்ள வந்துட்டான்'னு எழுந்து வந்து ரெண்டு வாய் சாப்பிடுவா. அப்புறம் எல்லாம் மறந்துடும்."

கடைக்காரர் தயங்கினார். "அப்படீன்னா டூப்ளிகேட் அடிச்சாலும் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாதே, சார்?"

"நேத்து அதைத்தான் வாங்கிட்டுப் போய் அடிச்சேன். 'யாரோ வந்திருக்காங்க, போய் என்னன்னு கேளுங்க'ன்னுட்டா."