பந்தியில் எழுந்திருக்காத கூடு

ஒரு வீட்டுக் கொட்டகையில், சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளை மறுபடி நிரப்பும் மெஷின் ஒன்று இருந்தது. கல்யாணப் பந்தி மாதிரிதான் அதன் வேலை. வட்டத் தட்டில் கூடுகள் உட்காரும். வீட்டுக்காரர் பிடியை இழுக்க இழுக்க, தட்டு இடம் இடமாக நகரும். ஓரிடத்தில் வெடிமருந்து விழும், அடுத்த இடத்தில் குண்டு ஏறும், தோட்டா தயார்.

பித்தளைக் கூடு ஒன்று, மருந்து விழும் இடத்தைத் தாண்டியதும் வயிற்றைக் குலுக்கிப் பார்த்தது. காலி.

“மெஷின் அண்ணே, எனக்கு மருந்து வைக்கலியே.”

“வச்சாச்சு, வச்சாச்சு. நகரு தம்பி, பின்னாடி ஆளு நிக்குது.”

“வெறும் வயித்தோட போனா, அடியில இருக்கற பத்தவைக்கிற பொட்டு மட்டும்தான் வெடிக்கும்; குண்டு துப்பாக்கிக் குழலுக்குள்ள பாதியிலயே நின்னுடும். அடுத்த குண்டு வந்து முட்டினா துப்பாக்கியே வெடிச்சிரும். சுடுறவரு கை என்னத்துக்கு ஆகும்?”

“இத்தனை பேரு சத்தமில்லாம எழுந்து போனாங்க. உனக்கு மட்டும் என்னடா பந்தியில வம்பு?”

குண்டு ஏற வந்த நேரம் பார்த்துக் கூடு ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டது. பிடி பாதியில் நின்றது. வீட்டுக்காரர் குனிந்து கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மேலே இருந்த மருந்துக் குடுவையைத் தட்டினார். அது எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

மெஷினுக்கு வெட்கமாய்ப் போயிற்று. முன்னமே தயாராகிப் பெட்டியில் மினுமினுத்துக் கிடந்த தோட்டாக்களிடம், “நீங்களாவது சாப்பிட்டீங்களா?” என்று மெல்லக் கேட்டது.

“இல்லண்ணே,” என்றது மேலே கிடந்த ஒன்று. “நல்லா ஓடுற பந்தியை நாம எதுக்கு நிறுத்தணும்னு இருந்துட்டோம்.”

வீட்டுக்காரர் எல்லாத் தோட்டாவையும் பிரிக்க எடுத்து வைத்தார். குடுவையை நிரப்பினார். முதல் இலை அந்தப் பித்தளைக் கூட்டுக்குத்தான்.