ஏணி பிடித்த கை

பெட்டியின்மேல் வெள்ளைச் சாமந்தியில் செய்த ஓர் ஏணி. பக்கத்தில் கிளிஃபின் பெரிய படம். கூரை உச்சியில் பீப்பாய் உடம்போடு நின்று சிரிக்கிறார். கீழே ஏணியைப் பிடித்திருக்கும் கை மட்டும் படத்தின் ஓரத்தில் முழங்கை வரை தெரிந்தது.

“அது எங்க அக்கா கை,” என்றாள் டோரீன், தகனக் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடி. “புருஷன் முழுசா நிக்கிறார், மாரீன் முகத்தை வெட்டிட்டாங்க பாரு.”

“படத்தைப் பெரிசு பண்ணும்போது போயிருக்கும். விடேன்.” பெரில் புதினா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கினாள். அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

பெட்டியைச் சுமந்து வந்த ஆறு பேரும் கிளிஃபின் கூரை வேலை ஆட்கள். பஞ்சுப் பொதியை இறக்குவதுபோல் இறக்கிவிட்டு, டையைச் சரிசெய்துகொண்டு போய் உட்கார்ந்தார்கள். “ஓடு சுமந்த தோளு, சும்மாவா?” என்றாள் பெரில்.

உள்ளே வருமுன் வாசலில் டோரீன் பாதிரியாரை நிறுத்திக் கேட்டிருந்தாள்: “மாரீனைப் பத்தி ரெண்டு வார்த்தை நான் பேசட்டுமா?”

“குடும்பத்துல எல்லாம் எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. அடுத்த சவ வண்டி வேற வெளியில நிக்குது.” அவர் ஊருக்குப் புதியவர். யாரையும் தெரியாது.

பெட்டியை மறைக்கும் நீலத் திரை மூடுவதற்குள் யாராவது அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டோரீனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பாதிரியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “கிளிஃப் தகப்பன் இல்லாத பிள்ளை. ஒரு ஏணி, ஒரு கைவண்டி, அதோடதான் ஆரம்பிச்சார். இன்னைக்கு இந்த ஊர்ல பாதிக் கூரை அவர் போட்டது. மிச்சப் பாதி ஒழுகுது!”

கூடம் சிரித்தது. பெரிலும் சிரித்தாள்.

“அதைவிடப் பெரிசு, அவர் ஓர் அன்புக் கணவர். மனைவியை ஒரு நாளும் வேலைக்கு அனுப்பினதில்லை.”

“அனுப்பினதில்லையாம்!” டோரீன் பல்லைக் கடித்தாள். “வயித்துல ஏழு மாசப் பிள்ளையோட, தோள்ல ஓடு சுமந்துக்கிட்டு ஏணி ஏறினவ யாராம்? வேற பொண்டாட்டி வச்சிருந்தாரா?”

“உஷ். இழவுக்கு வந்த இடத்துல என்ன பேச்சு இது? முடிஞ்சதும் கிளப்புல ஹாம் சாண்ட்விச்சாம். அதை நினைச்சுக்கிட்டு உக்காரு.”

பாதிரியார் தொடர்ந்து படித்தார். “எத்தனை மழையானாலும் சாயங்காலம் வீட்டுச் சாப்பாடுதான். மனைவி வச்ச கிரேவி தவிர வேற கிரேவி அவர் நாக்குல பட்டதில்லை. வெள்ளி விழாக் கல்யாண நாளுக்கு அவங்களுக்கு என்ன பரிசு குடுத்தார் தெரியுமா? புத்தம்புது அடுப்பு!”

“அடடா,” என்றது ஒரு பெண் குரல். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

அந்த அடுப்பில் அன்றைக்கே இருபது பேருக்கு மாட்டிறைச்சி வாட்டியது மாரீன். விருந்து முடியும்வரை புது ரவிக்கையின் மேல் ஏப்ரனைக் கழற்றவில்லை. கிளிஃப் எழுந்து கோப்பையை உயர்த்தித் தன் உழைப்பைப் பற்றிப் பேசினார். அப்போதும் இப்படித்தான் கைதட்டினார்கள்.

லில்லி மலர்களின் வாசனை, ஈரக் கோட்டுகளின் நாற்றம், புதினா மிட்டாய், அன்புக் கணவர். எல்லாம் சேர்ந்து, ஆறிய குழம்பின்மேல் கொழுப்பு படிவதுபோல் அவள் தொண்டையில் படிந்தன.

பாதிரியார் தாளை மடித்தார். திரைக்கான பொத்தானை நோக்கி அவர் கை போயிற்று.

“நிறுத்துங்க!”

தான் எழுந்து நிற்பது டோரீனுக்கே அப்போதுதான் தெரிந்தது. பெரில் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க அக்கா ஹாலிஃபாக்ஸ் குளத்துல நீந்திக் கோப்பை வாங்கினவ! தெருமுனை வரைக்கும் கேக்குற மாதிரி சிரிப்பா! மாரீனைப் பத்தி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல இங்க ஒருத்தருக்கும் வாயில்லையா?”

எல்லாத் தலைகளும் திரும்பின. முன்வரிசையிலிருந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி மெல்ல எழுந்தார் கிளிஃப்.

அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

“பெட்டிக்குள்ள கிடக்குற அவளைப் பத்தித்தானே டோரீன், இவ்வளவு நேரமும் சொன்னோம்?”